அவள் யார்?

திருவண்ணாமலையில், செங்கம் சாலையை ஒட்டிய இரமணாசிரமப் பகுதிக்குச் சென்றவர்கள் அறிவார்கள்—அங்கே ஒரு கேள்வி காற்றோடு கலந்து உலவுகிறது. "நான் யார்?" என்பது அக்கேள்வி. 1902ஆம் ஆண்டில் சிவப்பிரகாசம் பிள்ளை வினாக்களை எழுப்ப, இரமணர் விடை தர, பின்னர் சிறு நூலாகிப் பல மொழிகளிலே பரவிய கேள்வி. அதற்கு விடை தேடிக் கடல் கடந்து வருகிறார்கள். மாதக் கணக்கில் அறை எடுத்துத் தங்குகிறார்கள். காலையிலே கண் மூடி அமர்கிறார்கள், மாலையிலே 14 கிலோமீட்டர் மலை சுற்றி நடக்கிறார்கள்.

நாம் அந்தக் கேள்விக்கு விடை தேடிப் போனவர்கள் அல்லர். நண்பரொருவர் அழைத்தார், சென்றோம். அப்பகுதியிலே ஒரு சிறு விடுதியில் மூன்று நாள் தங்கினோம். மூன்றாம் நாள் மாலை, விடுதியின் முன்கூடத்துத் தொலைக்காட்சியில் 'விக்ரம்' படம் ஓடிற்று—லோகேஷ் கனகராஜ் இயக்கி, கமல்ஹாசன் நடித்து, 2022 ஜூன் திங்களில் வெளிவந்த படம். இளைஞர் சிலர் கூடியிருந்தனர். விடுதியிலே பாத்திரம் துலக்கி, அறை கூட்டி, துணி வெளுக்கும் அம்மையார் ஒருவர், வேலை முடிந்து, ஈரக் கையை முந்தானையிலே துடைத்தபடி, கதவோரம் நின்று பார்த்தார்.

அந்தப் படத்திலே ஒரு காட்சி வரும். நாடறிந்த காட்சி. குழந்தையைக் கவனித்துக்கொண்டு, வாய் பேசாமல் வீட்டு வேலை செய்துகொண்டிருந்த பணிப்பெண், அடியாட்கள் வீட்டைச் சூழ்ந்ததும், திடீரென நிமிர்கிறாள். அவள் வேலைக்காரி அல்லள், அரசு கைவிட்ட பழைய இரகசியப் படையொன்றின் உறுப்பினள், 'ஏஜெண்ட் டீனா' என்பது அப்போதுதான் தெரிகிறது. முள்கரண்டியை ஆயுதமாக்குகிறாள், முரடர்களைச் சாய்க்கிறாள், குழந்தையைக் காக்கிறாள், இறுதியில் குத்துப்பட்டு வீழ்கிறாள். கூடத்திலே சீழ்க்கை பறந்தது, கைத்தட்டல் எழுந்தது. நாமும் கை தட்டினோம்.

ஓசை அடங்கியதும் கதவோரத்து அம்மையார் கேட்டார்: "அது சரிங்க சார்! அவ யாரு? எந்த ஊரு? புள்ளகுட்டி இருக்குதா? செத்தது அவங்க ஆத்தாளுக்காவது தெரியுமா? ஒண்ணுமே சொல்லலியே!"

"அக்கா, அவ ஏஜெண்டு! ஏஜெண்டுக்கு ஏதுக்கா ஊரு?" என்றான் ஓர் இளைஞன். சிரிப்பு எழுந்தது. அம்மையாரும் சிரித்துவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சிரிப்பு அடங்கிற்று, கேள்வி அடங்கவில்லை. "நான் யார்?" என்று கேட்க ஆயிரம் பேர் வருகிற ஊரிலே, "அவள் யார்?" என்று ஒரு பணிப்பெண் கேட்டார். அந்தக் கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தப் படத்தையும், அதைப் போன்ற படங்களையும் பார்ப்போம், வாருங்கள் தோழர்களே!

முதலில் பாராட்டு. குறை கூறுவதற்கென்றே பேனாவைத் தூக்குவது நம் வழக்கமன்று. டீனாவாக நடித்த வசந்தி, பல்லாண்டுகள் திரைப்படங்களிலே குழு நடனத்தில் பின்வரிசையில் ஆடியவர். நடன உதவியாளராக உழைத்தவர். நாயகியின் முகத்தைக் காட்ட ஒளிப்படக் கருவி விரையும்போது, ஓரத்திலே மங்கலாகத் தெரியும் முகங்களிலே ஒன்றாக இருந்தவர். அவரை அழைத்து, ஒப்பனை பூசிய அழகுப் பதுமையாக்காமல், நடுவயதுப் பெண்ணாகவே நிறுத்தி, நாட்டையே கை தட்ட வைத்தார் இயக்குநர். வீரம் என்றால் இருபது வயது, வெள்ளைத் தோல், இறுக்கிய உடை என்று இலக்கணம் எழுதி வைத்திருந்த திரையுலகிலே, இது நல்ல துணிவு. அதை மறுப்பவன் நேர்மையற்றவன்.

ஆனால், கை தட்டியபின் கருத்தைத் தட்டி எழுப்ப வேண்டாமா?

அந்தக் காட்சி நம்மை ஏன் திடுக்கிட வைத்தது? வேலைக்காரியை அதுவரை நாம் பார்க்கவில்லை, அதனால்! திரையில் அவள் இருந்தாள். குழந்தையை ஏந்தினாள், நடமாடினாள். ஆயினும் நம் கண் அவள்மீது நிற்கவில்லை. படம் நம்மை ஏமாற்றிற்று என்கிறோம். உண்மையில், வேலைக்காரியைப் பார்க்காத பழக்கத்தை வீட்டிலிருந்தே கொண்டு வந்து கொட்டகையிலே உட்கார்ந்தோம். அந்தப் பழக்கத்தின்மேல்தான் இயக்குநர் தம் வித்தையைக் கட்டினார்.

ஒற்றுத் தொழிலின் அடிப்படையே இதுதான். ஒற்றர் இருட்டிலே ஒளிவதைவிட, பிறர் மதிக்காத வேடத்திலே பட்டப்பகலில் நடமாடுவதே பாதுகாப்பு. வள்ளுவர் 'ஒற்றாடல்' என்று ஓர் அதிகாரமே வகுத்தார்—59ஆம் அதிகாரம். துறவியர் வேடம் பூண்டு, அரிய இடங்களிலும் புகுந்து ஆராய்ந்து, என்ன துன்பம் செய்யினும் சோராதிருப்பவரே ஒற்றர் என்று அதிலே ஒரு குறள் கூறுகிறது.

வடமொழி அர்த்தசாத்திரம் இன்னும் விரிவாகப் பேசுகிறது. சுவடியாகக் கிடந்த அந்நூலை மைசூரில் ஷாமசாஸ்திரி 1909இல் அச்சேற்றினார். நகருக்கு அருகே சீடர் கூட்டத்தோடு தங்கி, மாதம் ஒரு முறை ஏதோ கீரையோ புல்லோ ஒரு பிடி உண்பதாக ஊருக்குக் காட்டி, மறைவிலே விரும்பியதை உண்டு, 'இவர் அருளாளர்' எனச் சீடரைக் கொண்டு பறைசாற்றி, வருவோரிடமெல்லாம் செய்தி கறக்கும் போலித் தவசியைப் பற்றி அந்நூல் விளக்கமாகக் கூறுகிறது! மக்கள் தவசியை நம்புவார்கள் என்பது அரசுக்குத் தெரிந்திருந்தது. அந்த நம்பிக்கையை அரசு கருவியாக்கிற்று. நம்பிக்கைக்கு முன் ஆராய்ச்சி வேண்டும் என்று நாம் சொன்னால் நம்மீது சினம் கொள்வோர், அர்த்தசாத்திரத்தைப் புரட்டிப் பார்க்கட்டும்.

அதே நூல் பெண் ஒற்றரையும் கூறுகிறது. எவளைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது? பிழைப்புக்கு வழி தேடும் ஏழைக் கைம்பெண்ணை! துறவாடை உடுத்தி, அமைச்சர் வீடுகளுக்குள் சென்று வரச் செய்க என்கிறது. சமையற்காரர், நீராட்டுவோர், படுக்கை விரிப்போர், கூனர், குள்ளர், ஊமையர், செவிடர் என்று வேடங்களின் பட்டியல் நீள்கிறது. அந்தப் பட்டியலை ஊன்றிப் படியுங்கள். எவரையெல்லாம் சமுதாயம் மனிதராக மதிக்கவில்லையோ, எவர் முன்னால் பேசினால் பேச்சாகவே எண்ணுவதில்லையோ, அவர்களுடைய பெயர்ப் பட்டியல் அது. ஒற்றுத் தொழில் நூல், தன்னை அறியாமலேயே, சமுதாயத்தின் குற்றப் பத்திரிகையாகிவிட்டது.

இது பழங்கதை அன்று. இரண்டாம் உலகப் போரின்போது, இட்லரின் படை பிடித்து வைத்திருந்த பிரான்சுக்குள் பிரிட்டன் இரகசியப் பணியாளரை அனுப்பிற்று. அவர்களிலே ஏறத்தாழ 40 பேர் பெண்கள். ஏன் பெண்கள்? பெண்மையின் பெருமையை உணர்ந்தா? இல்லை. பகலிலே இளைஞனொருவன் தெருவிலே நடந்தால் நிறுத்திக் கேட்பார்கள், செருமனித் தொழிற்சாலைக்குப் பிடித்துச் செல்வார்கள்; மிதிவண்டியிலே கூடையோடு செல்லும் பெண்ணை, கடைக்குப் போகிறாள் என்று விட்டுவிடுவார்கள். எதிரியின் அலட்சியமே அவர்களுக்குக் கவசமாயிற்று.

அவர்களிலே ஒருத்தி நூர் இனாயத் கான். திப்பு சுல்தான் வழிவந்த குடும்பம். தந்தை சூஃபி நெறி பரப்பிய இசைவாணர். மகள் குழந்தைகளுக்குக் கதை எழுதியவர். 1943 ஜூனில், கம்பியில்லாத் தந்திக் கருவியோடு பிரான்சுக்குள் சென்றார்—அப்பணிக்குப் பிரிட்டன் அங்கே அனுப்பிய முதல் பெண். சென்ற சில நாட்களிலேயே உடனிருந்தோர் ஒவ்வொருவராய்ச் சிக்கினர். 'திரும்பி வந்துவிடு' என்றது இலண்டன். மறுத்தார், செய்தி அனுப்பிக்கொண்டே இருந்தார். அக்டோபரில் பிடிபட்டார். 1944 செப்டம்பர் 13ஆம் நாள் டாக்கௌ வதைமுகாமிலே சுட்டுக் கொல்லப்பட்டார். 1949இல் பிரிட்டன் அவருக்கு ஜார்ஜ் சிலுவை விருதை அறிவித்தது. அவரையும் அவருடைய தோழியரையும் பற்றிய 'எ கால் டு ஸ்பை' என்னும் ஆங்கிலப் படம் 2019இல் வந்தது. நூராக ராதிகா ஆப்தே நடித்தார். அவருக்குப் பெயர் உண்டு, தந்தை உண்டு, எழுதிய கதை உண்டு. "அவள் யார்?" என்று கேட்டால் விடை கூற ஏடு இருக்கிறது.

நம் மக்களிடையே இல்லையா? இருந்தார்கள். 1943இல் சிங்கப்பூரிலே இந்திய தேசிய இராணுவம் பெண்களுக்கென ஜான்சி ராணிப் படையைத் தொடங்கிற்று. சென்னையிலே பிறந்த மருத்துவர் இலட்சுமி சுவாமிநாதன் தலைமை தாங்கினார். அணியிலே நின்றவர் பலர் மலேயாவின் இரப்பர்த் தோட்டங்களிலே பால் வடித்த தமிழ்ப் பெண்கள். கங்காணியின் குரலுக்கு அஞ்சிக் கிடந்த கைகள், துப்பாக்கி பிடித்தன.

அந்த இராணுவத்தின் உளவுப் பிரிவிலே பணியாற்றியவர் சரசுவதி இராஜாமணி. இரங்கூனிலே செல்வக் குடும்பத்திலே பிறந்தவர். பதினாறு வயதளவில் தம் நகைகளைக் கழற்றிப் போர் நிதிக்குக் கொடுத்தார். பிற்காலத்தில் அவரே கூறிய வரலாறு இது: அவரும் தோழி துர்க்காவும் முடி வெட்டிக்கொண்டு, ஆண் பிள்ளைகளாக வேடமிட்டு, வெள்ளை அதிகாரிகளின் முகாம்களிலே எடுபிடி வேலை செய்தனர்; காதில் விழுந்ததையெல்லாம் இராணுவத்துக்கு அனுப்பினர். தோழி பிடிபட்டாள். இராஜாமணி நாட்டியக்காரியாக வேடமிட்டு முகாமுக்குள் புகுந்து, காவலரை மயக்க மருந்தால் சாய்த்து, அவளை மீட்டுக்கொண்டு ஓடினார். காலிலே குண்டு பாய்ந்தது. மரத்தின்மேல் மூன்று நாள் ஒளிந்திருந்தார். அந்தக் கால் பிறகு நேராகவில்லை.

கவனித்தீர்களா? அங்கும் எடுபிடி வேடம்! துரையின் காலணியைத் துடைக்கும் பையனுக்குக் காது உண்டு என்பதைத் துரை நினைக்கவில்லை. இலண்டன் கண்டதும், இரங்கூன் கண்டதும், அர்த்தசாத்திரம் எழுதியவர் கண்டதும் ஒன்றே—ஏவல் செய்பவரை ஏவுகிறவர் பார்ப்பதில்லை.

இவ்வளவு பெரிய உண்மையைத் தொட்ட 'விக்ரம்', அதை என்ன செய்தது? ஒரு திருப்பத்துக்குப் பயன்படுத்திக்கொண்டது. அவ்வளவே! 'நீ இவளைப் பார்க்கவில்லையே, ஏன் பார்க்கவில்லை?' என்று பார்ப்பவரிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. 'நீ வேலைக்காரி என்று நினைத்தாயே, இவள் வேலைக்காரியே அல்லள்' என்று கூறிற்று. இதன் பொருள் என்ன? வேலைக்காரி என்றால் மதிக்க வேண்டியதில்லை. அவள் ஏஜெண்டாக இருந்தால்தான் மதிப்பு! முந்தானையை இழுத்துச் செருகி அவள் நிமிரும்போது எழுந்த கைத்தட்டல், அவள் வேலைக்காரி அல்லள் என்று தெரிந்ததற்கு விழுந்த கைத்தட்டல்.

1949இல் ஜூபிடர் நிறுவனம் தயாரித்த 'வேலைக்காரி'யை இங்கே நினைத்துப் பாருங்கள். அண்ணா கதை உரையாடல் எழுத, ஏ. எஸ். ஏ. சாமி இயக்கிய படம். அமிர்தம் என்னும் பணிப்பெண்ணாக வி. என். ஜானகி நடித்தார். அதிலும் மாறுவேடம் உண்டு. ஏழை ஆனந்தன், பணக்காரன் வேடம் பூண்டு ஜமீன்தார் வீட்டினுள் நுழைகிறான். நேற்று விரட்டிய கை இன்று வணங்குகிறது. வேடத்தை வைத்து, வணங்குகிற கையின் பொய்ம்மையைக் காட்டினார்கள். அமிர்தத்துக்குத் தந்தை உண்டு, காதல் உண்டு, பட்ட அவமானம் உண்டு, பெயரும் உண்டு. படத்தின் தலைப்பே அவளுடைய தொழிலின் பெயர். வேலைக்காரியாக இருக்கும்போதே அவள் மனிதப் பிறவி. வேறொருத்தி என்று நிறுவப்பட வேண்டிய தேவை அவளுடைய மதிப்புக்கு இல்லை. கருவிகளிலும் கைத்திறனிலும் 2022ஆம் ஆண்டுப் படம் ஆயிரம் மடங்கு முன்னே நிற்கிறது. மனிதரைப் பார்க்கும் பார்வையில்? 73 ஆண்டுகள் கழித்து, முன்னே வந்திருக்கிறோமா, பின்னே போயிருக்கிறோமா? நாம் கேட்கிறோம்.

அடுத்து, சாவு. 1986இலும் 'விக்ரம்' என்றொரு படம் வந்தது. சுஜாதா எழுதியது, அதே கமல்ஹாசன் நடித்தது. அதிலே நாயகனின் மனைவி—அம்பிகா ஏற்ற வேடம்—தொடக்கத்திலேயே சுட்டுக் கொல்லப்படுகிறாள். அவள் சாவு, நாயகனைக் களத்துக்கு அனுப்பும் கட்டளை. 2022ஆம் ஆண்டுப் படத்திலே அமர் என்னும் இரகசியப் படைத் தலைவன். தன் தொழில் இன்னதென்று மனைவிக்கும் சொல்லாதவன். அந்த மனைவி காயத்ரி தலை துண்டிக்கப்பட்டுச் சாகிறாள். அவள் சாவு, அமரின் வெறிக்கு எண்ணெய். பிறகு டீனா சாகிறாள். அவள் சாவு, கொட்டகையின் கைத்தட்டலுக்கு விலை. இரண்டு படங்களுக்கும் இடையே 36 ஆண்டுகள்! கணினி வந்தது, கைப்பேசி வந்தது, கதையின் ஓட்டத்துக்குப் பெண்ணைப் பலியிடும் பழக்கம் மட்டும் போகவில்லை. கோயிலிலே கிடா வெட்டினால் மூடத்தனம் என்போம்; கதையிலே பெண்ணை வெட்டினால் 'திருப்பம்' என்போமா?

"ஆண் ஒற்றரும்தானே கதைகளில் சாகிறார்கள்? போர் என்றால் சாவு வராதா? நூர் சாகவில்லையா?" என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. நியாயமான கேள்வி, ஆகவே விடை கூற வேண்டும். நூர் செத்தபோது, தான் எதற்காகச் சாகிறோம் என்பது அவருக்குத் தெரியும். 'திரும்பி வா' என்றபோது 'வரமாட்டேன்' என்று முடிவு செய்தவர் அவர். சாவிலே ஆண் பெண் பேதமில்லை. முடிவு யாருடையது என்பதிலே பேதம் உண்டு. டீனா எதை முடிவு செய்தாள்? படை கலைந்தபின் அத்தனை ஆண்டுகள் ஏன் தலைவனோடு நின்றாள்? கடமையா, நட்பா, போக்கிடம் இல்லாமையா? இதற்கு ஒரே ஒரு வரி வசனம் இருந்திருந்தால், அந்தச் சாவு நம் நெஞ்சைச் சுட்டிருக்கும். இப்போதோ, சீழ்க்கையோடு முடிகிறது.

"பெண்ணுக்குத் துப்பாக்கி கிடைத்ததே, அதுவே முன்னேற்றம் அல்லவா?" என்போரும் உண்டு. துப்பாக்கி கையிலிருப்பது முன்னேற்றமானால், ஜமீன்தாரின் வேட்டைக்குத் துப்பாக்கி தூக்கிச் சென்ற ஏவலாளும் முன்னேறியவனே! எந்தப் பக்கம் சுடுவது என்று முடிவு செய்யும் உரிமை யாரிடம் என்பதே கேள்வி.

1976இல் அமெரிக்கத் தொலைக்காட்சியிலே 'சார்லீஸ் ஏஞ்சல்ஸ்' என்னும் தொடர் தொடங்கிற்று, ஐந்தாண்டுகள் ஓடிற்று, 2000இல் திரைப்படமாகவும் வந்தது. காவல் பயிற்சி பெற்ற மூன்று பெண்கள், வேடம் மாற்றி வேடம் மாற்றிக் குற்றவாளிகளைப் பிடிப்பார்கள். ஆணை எங்கிருந்து வரும்? மேசைமேலிருக்கும் ஒலிபெருக்கிப் பெட்டியிலிருந்து! முகம் காட்டாத ஆண் ஒருவனின் குரல். பெண்கள் ஓடுவார்கள், பாய்வார்கள், சுடுவார்கள். குரல் சொன்னதும் புன்னகையோடு புறப்படுவார்கள். உருவம் காட்டாத குரலுக்குக் கீழ்ப்படிவதை நாம் வேறோர் இடத்திலும் கண்டிருக்கிறோம்; அதற்கு அசரீரி என்று பெயர். பெட்டியிலிருந்து வந்தால் அறிவியல், வானிலிருந்து வந்தால் புராணம். கீழ்ப்படிதல் இரண்டிலும் ஒன்றுதான். அந்தப் பெட்டியின் பிள்ளைகளே இன்று வருகிற உளவுப் பெண் படங்கள் பல. 2017இல் வந்த இந்திப் படம் 'நாம் ஷபானா'விலே, காதலனைப் பறிகொடுத்த பெண்ணின் துயரத்தையே கயிறாக்கி, தொலைபேசிக் குரல் அவளைத் தொழிலுக்கு இழுக்கிறது.

இந்த வரிசையில் மாறுபட்டு நின்ற ஒன்றையும் கூற வேண்டும். 2018இல் மேக்னா குல்சார் இயக்கிய 'ராஸி' என்னும் இந்திப் படம், ஹரிந்தர் சிக்காவின் நாவலைத் தழுவியது. 1971ஆம் ஆண்டுப் போருக்கு முன், காசுமீரத்துப் பெண் ஒருத்தி, தந்தையின் விருப்பப்படி, பாகிஸ்தான் படை அதிகாரி ஒருவனுக்கு மனைவியாகச் செல்கிறாள். உளவு பார்க்கிறாள், கொல்கிறாள், தன்மீது அன்பு காட்டிய குடும்பத்தையே அழிக்கிறாள். வென்றபின் அவள் மகிழவில்லை. தன்னை ஏவியவர்களை நோக்கி, உங்களுக்கு உறவும் பெரிதில்லை, உயிரும் பெரிதில்லை என்கிறாள். இத்தொழிலே வேண்டாம் என விலகுகிறாள். தந்தை மகளைத் தானம் செய்வதுபோல் தாய்நாட்டுக்குக் கொடுக்கும் தொடக்கம் நமக்கு உடன்பாடன்று. ஆனால், ஏவப்பட்டவள் ஏவியவரைக் கேள்வி கேட்கிறாள். அந்த ஒரு கணத்தில் அவள் கருவி அல்லள், மனிதப் பிறவி. அந்தக் கணத்தை டீனாவுக்கும் தந்திருக்கலாகாதா என்பதே நம் ஏக்கம்.

மீண்டும் வள்ளுவரிடம் வருவோம். 'ஒற்றாடல்' அதிகாரத்தின் இறுதிக் குறள் சொல்லும் கருத்து நுட்பமானது: ஒற்றருக்குப் பிறர் அறியச் சிறப்புச் செய்யாதே, செய்தால் மறைபொருளை நீயே வெளிப்படுத்தியவனாவாய். சரி. தொழில் நடக்கும்போது மறைப்பது தேவை. தொழில் முடிந்தபின்? போர் முடிந்து, ஆட்சி மாறி, கொடி மாறியபின், யாருக்கு அஞ்சி மறைப்பது?

சரசுவதி இராஜாமணி போருக்குப் பின் இந்தியாவுக்கு வந்தார். குடும்பச் செல்வம் போயிற்று. சென்னையிலே ஒரு சிறு குடியிருப்பிலே வறுமையோடு பல்லாண்டுகள் வாழ்ந்தார். 2005இல்தான் தமிழ்நாடு அரசு அவருக்கு வாடகையில்லா வீடும் ரூ.5 லட்சம் உதவித்தொகையும் வழங்கிற்று. போர் முடிந்து அறுபதாம் ஆண்டு! 2018 சனவரியில் மறைந்தார். நாடு அவருடைய வேடத்தைக் கலைக்க மறந்தே போயிற்று. 'எடுபிடிப் பையன்' என்று துரை அவரைப் பார்க்காமல் விட்டான். 'யாரோ ஒரு கிழவி' என்று நாமும் பார்க்காமல் விட்டோம். அவரைப் பற்றிய பெரும் திரைப்படம் ஒன்றைத் தமிழ்த் திரையுலகம் நமக்குத் தந்திருக்க வேண்டாவா? மரத்தின்மேல் மூன்று நாள் இருந்த பதினாறு வயதுப் பெண்ணைவிடப் பெரிய திருப்பம் எந்தக் கதாசிரியரின் மூளையிலே உதிக்கும்?

இனி, தொடங்கிய இடத்துக்கே வருவோம்.

இரமணாசிரமப் பகுதிக்கு வெளிநாட்டார் திரளக் காரணமானவற்றுள் ஒன்று, 1934இல் பால் பிரண்டன் வெளியிட்ட நூல். இரகசிய இந்தியாவைத் தேடிச் சென்றேன் என்பது அதன் தலைப்பின் கருத்து. தேடினார், கண்டதாக எழுதினார். ஆனால், அந்த மலையடிவாரத்திலே யாரும் தேடாத இரகசியம் ஒன்று உண்டு: அடுப்படி! இரமணரின் தாயார் அழகம்மாள் 1916இல் மகனோடு வந்து தங்கியபின்தான் கந்தாசிரமத்திலே முறையாக அடுப்பெரிந்தது. 1922இல் அவர் மறைந்தார். அவரை அடக்கம் செய்த இடத்தைச் சுற்றியே இன்றைய ஆசிரமம் எழுந்தது. பின்னாளிலே ஆசிரமச் சமையலறையில் ஆண்டுக்கணக்காக உழைத்தவர்களிலே சாந்தம்மாள், சம்பூர்ணம்மாள், சுப்புலட்சுமி அம்மாள் போன்ற கைம்பெண்கள் உண்டு. மௌனத்தின் பெருமையைப் பேசியவர் பலர். மௌனமாக இருந்தவர்களின் வயிற்றுக்குச் சோறு எப்படி வந்தது என்று எழுதியவர் சிலரே. ஆன்மிகம் பற்றி அவரவர் கருத்து அவரவருக்கு. சோறு பற்றி இரு கருத்து இருக்க முடியாது.

இன்று அப்பகுதியிலே விடுதிகளும் வாடகை வீடுகளும் பெருகியிருக்கின்றன. அவற்றைக் கூட்டுவோர், துலக்குவோர், வெளுப்போர் சுற்றுப்புறத்துப் பெண்கள். 'நான் யார்?' என்று கேட்டபடி உள்ளே ஒருவர் அமர்ந்திருக்க, அவருடைய எச்சில் தட்டைக் கழுவியபடி வெளியே ஒருத்தி நிற்கிறாள். தமிழ்நாட்டிலே வீட்டுப் பணியாளருக்கென நலவாரியம் 2007இல் அமைந்தது. பெருமைப்படத் தக்க செயல். 2011இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு, வீட்டுப் பணியாளரும் தொழிலாளரே, அவர்களுக்கும் ஓய்வும் ஊதியமும் உரிமையும் உண்டு என 189ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றிற்று. இந்திய ஒன்றியம் அதற்கு ஆதரவாக வாக்களித்தது. உறுதி செய்து கையொப்பமிடாமலே ஆண்டுகளை ஓட்டிற்று. பார்க்காமல் இருப்பதிலே அரசுக்கும் நமக்கும் போட்டி!

நமக்கும் என்றோமே, அது அலங்காரத்துக்காகச் சொன்னதன்று. அன்று இரவு நம் மனம் நம்மைக் குத்திற்று. மூன்று நாள் அந்த அம்மையார் கொண்டுவந்த காப்பியைக் குடித்தோம். அவர் கூட்டிய அறையிலே அமர்ந்து சமத்துவம் பற்றி நண்பரோடு விடிய விடியப் பேசினோம். அவருடைய பெயரைக் கேட்டோமா? இல்லை. டீனாவின் ஊரைப் படம் சொல்லவில்லை என்று குறை கூறும் நாம், கதவோரம் நின்றவரின் ஊரைக் கேட்கவில்லை. மறுநாள் காலை, விடைபெறும்போது கேட்டோம்.

"இத்தினி வருசத்துல எம்பேரக் கேட்டவங்க நீங்க ரெண்டாவது ஆளு சார்" என்றார். பிறகு பெயரைச் சொன்னார், ஊரைச் சொன்னார், பள்ளி இறுதி வகுப்பிலே படிக்கும் மகளைப் பற்றிச் சொன்னார். "அவ போலீசு வேலைக்குப் போவணும்ங்கறா. நேத்து அந்தப் படத்த அவளும் வூட்ல பாத்தாளாம். 'அம்மா, அந்தப் பொம்பள சாவாம இருந்திருக்கலாம்ல?'னு கேட்டா. நான் என்னத்தச் சொல்ல?" என்றார்.

அந்த மகளுக்கு விடை சொல்ல வேண்டியவர் யார்? எழுதுவோர், எடுப்போர், கை தட்டுவோர்—நாம் அனைவரும்!

தோழர்களே! படம் பார்க்காதே என்று உங்களுக்குச் சொல்லமாட்டோம். பாருங்கள், மகிழுங்கள், சீழ்க்கை அடியுங்கள். ஆனால், உளவுப் பெண் ஒருத்தி திரையிலே பாயும்போதெல்லாம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். அவளுக்கு ஆணையிடும் குரல் யாருடையது? அவளால் 'முடியாது' என்று சொல்ல இயலுமா? அவள் வீழ்ந்தால், அழுவதற்கு அவளுக்கென ஒருவரையாவது கதை விட்டு வைத்திருக்கிறதா? இம்மூன்றுக்கும் விடை இருந்தால் அது பெண்ணைப் பற்றிய படம். இல்லாவிட்டால், பெண்ணின் கையிலே துப்பாக்கியைக் கொடுத்து எடுத்த ஆணைப் பற்றிய படம்.

கொட்டகையை விட்டு வீட்டுக்கு வந்தபின் நான்காம் கேள்வி ஒன்று உண்டு. உங்கள் வீட்டு வாயிலைத் தெளிப்பவர், உங்கள் விடுதி அறையைக் கூட்டுபவர், உங்கள் அலுவலகக் கழிப்பறையைக் கழுவுபவர்—அவர் பெயர் என்ன? இரகசியப் படை தேவையில்லை, மறைவேடம் தேவையில்லை. கேட்டால் சொல்லுவார். கேளுங்கள்!